நாய் கடிச்ச பில்டிங் முதல் கத்துற டீச்சர் வரை

லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. குக்கர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். முதல் விசிலுக்குப் பல்லைக் கடிப்பார். இரண்டாவதுக்குக் கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைப்பார். மூன்றாவது வருவதற்குள் எதிரே நிற்கிறவன் இடத்தைக் காலி பண்ணிவிட வேண்டும். வீட்டில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே மனைவி ஒரு பார்வை பார்த்தால் அடுப்பு அணைந்துவிடும்.

எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். லிஃப்டை இழுக்கும் கம்பிக்கு எண்ணெய் தடவப் போனவர், முப்பத்தைந்து வருஷத்தில் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். கதவு மூடும்போது வரும் முனகலை வைத்து, எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று படிக்கட்டில் நின்றபடியே சொல்வார். எழுத்துதான் அவருக்கு ஆகாது. ஊரில் இருக்கிற பாதிக் கட்டடத்துக்கு டவர் என்று பெயர், மீதிக்குக் கார்டன். எந்த டவர், எந்த கார்டன் என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்க, அனுப்பிய மெக்கானிக் வேறு டவருக்குப் போய் அங்கே நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டை நிறுத்திவிட்டு வந்தான். அன்றைக்கே குக்கர் முடிவு பண்ணிவிட்டார். கட்டடத்துக்குச் சொந்தக்காரன் வைத்த பெயர் அவனோடு இருக்கட்டும், நாம் பார்த்ததை வைத்துத்தான் நாம் கூப்பிடணும்.

அப்படி வந்தவைதான் நாய் கடிச்ச பில்டிங், குழியில தண்ணி நிக்கிற வீடு, தொட்டா ஷாக் அடிக்கிற மீட்டர் ரூம், வாட்ச்மேன் தூங்குற ஆஸ்பத்திரி. பெயரைக் கேட்டாலே போகிறவன் பூட்ஸ் எடுத்துக்கொள்வான், அல்லது கையுறை.

இந்தக் காலத்து லிஃப்டுக்கு எண்ணெயும் ஸ்பேனரும் போதாது. ஒவ்வொன்றின் கண்ட்ரோல் பெட்டிக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு பாஸ்வேர்டு. கரண்ட் ஏறி இறங்கினால் பெட்டி அடம்பிடித்து உட்கார்ந்துகொள்ளும். அந்த எண்ணைத் தட்டினால்தான் எழுந்திருக்கும். மூன்று தடவை தப்பாகத் தட்டினால் போச்சு. பெட்டியைச் செய்த கம்பெனிக்காரன் வெளியூரிலிருந்து வந்து திறந்துவிட ஒரு வாரம் ஆகும். எல்லா லிஃப்டின் எண்களையும் குக்கர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நோட்டு, லிஃப்டுக்கு அடியில் தண்ணி நிக்கிற அதே குழியில் விழுந்து ஊறிப்போனது. ஈரத் தாள்களை அடுப்புப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் காயவைத்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மகள் ஒரு மாசம் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பாஸ்வேர்டு காக்கும் ஆப் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு பெரிய பாஸ்வேர்டை ஞாபகம் வைத்தால் போதும், மற்றதெல்லாம் அது காக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இருக்கும், அவர் போனிலும் இருக்கும். ஒன்றில் எழுதினால் மற்றதில் தானாக வந்துவிடும். பெயர்களை மாற்றட்டுமா என்று மகள் கேட்டதற்கு, மாத்தினா நோட்டோட நானும் குழியில குதிச்சிருவேன் என்றார். அவள் மாற்றவில்லை.

இதெல்லாம் பழைய கதை. அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு நடந்ததுதான் சொல்ல வந்தது.

ஆறு மாடிக் கட்டடம். இரவெல்லாம் கரண்ட் கண்ணாமூச்சி ஆடியதில் லிஃப்ட் நாலாவது மாடியில் நின்றுவிட்டது. ஆறாவது மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தம்பியோடு இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்பு. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு முறை. முந்தின முறை மெஷின் கோளாறென்று பாதியில் நிறுத்தி அனுப்பிவிட்டார்கள், இதையும் தவறவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டீச்சரின் தம்பி போனில் சொன்னார். தூக்கிக்கொண்டு இறங்கவும் வழியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே லிஃப்ட் ஒரு பாகம் வராமல் இரண்டு நாள் நின்றது. நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒருத்தனுக்குக் கால் வழுக்கி, டீச்சரின் தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். அன்றைக்கு டீச்சர் வலியோடு வலியாகக் குக்கரைப் பார்த்து ஒரு கத்து கத்தினார் பாருங்கள், கட்டடமே வாசலுக்கு வந்துவிட்டது. பாகம் வராததற்கு அவர் என்ன பண்ணுவார்? ஆனாலும் அந்தக் கத்தல் அவருக்குள்ளே எங்கேயோ தங்கிவிட்டது. நோட்டில் அந்தக் கட்டடத்தின் பெயர் கத்துற டீச்சர்.

மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு ஏறிப் போனார். மோட்டாருக்குப் பழுதில்லை, கம்பிக்குப் பழுதில்லை. கண்ட்ரோல் பெட்டி மட்டும் எண்ணைக் கேட்டுக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். பட்டியல் வந்தது. நாய் கடிச்ச பில்டிங் தெரிந்தது. விரலை வைத்துத் தள்ளப் போகிறார், கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வரி, எதுவும் இல்லை என்று.

போனை ஒரு தட்டுத் தட்டினார். அணைத்து மறுபடி போட்டார். வெள்ளைதான்.

ஆபீசுக்குப் போன் போட்டால் எடுத்தது மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர். நாலு மாசமாக ஆபீஸ் அவர் பொறுப்பில். மெக்கானிக்குகள் உட்பட ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்லும். ஆள் கெட்டவர் இல்லை. எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற நோய் மட்டும் உண்டு. மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் பேசிக்கொண்டே நேராக்குவார்.

விஷயத்தைக் கேட்டவர், "ஓ அதுவா? நேத்து சாயங்காலம் கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணேன். யாரோ விளையாட்டா எழுதி வச்சதுன்னு நினைச்சேன். நாய் கடிச்ச பில்டிங்னு யாராவது பாஸ்வேர்டு வைப்பாங்களா?" என்றார்.

"அழிச்சிட்டீங்களா?"

"குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டேன்."

குக்கர் போனைக் காதிலிருந்து எடுத்து, அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மறுமுனையில் மாப்பிள்ளை விளக்கிக்கொண்டே போனார். ஆப் கம்பெனிக்குக் கடிதம் போடலாமாம். இரண்டு மூன்று வேலை நாளில் பதில் வருமாம். இரண்டு மூன்று வேலை நாளில் டீச்சர் இருப்பாரா என்று அந்தக் கம்பெனியிடம் யார் கேட்பது? சமாதானத்துக்கு மாப்பிள்ளை கடைசியாக ஒன்று சொன்னார். அதுதான் அவருக்கு வினை.

"இவ்வளவு முக்கியம்னா ஒழுங்கான பேர்ல எழுதி வச்சிருக்கணும் இல்லையா, நீங்களே சொல்லுங்க."

"நீங்க அங்கேயே இருங்க. எங்கேயும் போயிடாதீங்க. நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது மாப்பிள்ளை அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

கோபத்தோடு மெஷினைத் தொடக்கூடாது. இது அவரே மற்றவர்களுக்குச் சொல்கிற பாடம். ஆனால் அன்றைக்குத் தொட்டார். எண் ஞாபகம் இருப்பதுபோல் இருந்தது. தட்டினார். தப்பு. கடைசி இரண்டை மாற்றித் தட்டினார். அதுவும் தப்பு. சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் ஒரே வாய்ப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வாய்க்கு வந்தபடி மாப்பிள்ளையைத் திட்டினார், மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த முதலாளியைத் திட்டினார், கடைசியில் தன்னையும் ஒரு வார்த்தை திட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

மகள் கண்ணாடிக் கடையில் யாருக்கோ ஃபிரேம் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூச்சுச் சத்தத்திலேயே புரிந்து வெளியே வந்துவிட்டாள். திட்டுகளையெல்லாம் வடிகட்டிவிட்டு ஒன்றை மட்டும் பிடித்தாள். முதலில் பட்டியல் தெரிந்ததா, அப்புறம்தான் மறைந்ததா என்று இரண்டு முறை கேட்டாள்.

"அப்ப போன்ல இருந்திருக்குப்பா. நெட் வந்து, ஆபீஸ்ல அழிச்சது தெரிஞ்ச பிறகுதான் இதுவும் அழிச்சிருக்கு. நெட்டே படாத போன் ஒண்ணு இருந்தா அதுல அப்படியே இருக்கும். உங்க பழைய போன் எங்க?"

பழைய போன், கண்ணாடி விரிசல் விட்டது, டூல் பெட்டியின் அடித்தட்டில் துணியில் சுற்றிக் கிடந்தது. குழிக்குள் இறங்கும்போது டார்ச்சாகப் பயன்படும் என்று போட்டது. சார்ஜ் இறங்கிப்போய் மூன்று மாசம் ஆகிறது. அவர் அதை எடுத்துச் சுவரில் சார்ஜுக்குச் சொருகினார். கட்டைவிரல் ஆன் பண்ணும் பொத்தானுக்கே போய்விட்டது.

"ஆன் பண்ணிடாதீங்க," என்றாள் மகள். அவள் குரலில் இருந்த விசில் யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில் ஆபீஸ் சிம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுந்த உடனே நெட்டைத் தேடும். பிடித்தால் இதுவும் வெள்ளைத் திரைதான். முதலில் சிம்மைக் கழற்றச் சொன்னாள். ஊசியை விட்டுப் பார்த்தார். துளை முழுக்க கிரீஸ் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. குத்தினதில் ஊசி வளைந்ததுதான் மிச்சம்.

"சிக்னலே வராத இடம் எங்கயாவது இருக்காப்பா?" என்றாள்.

செல்போன் வந்த நாளிலிருந்து ஜனங்கள் அவரிடம் ஒரே புகாரைச் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார்கள். லிஃப்டுக்குள்ளே போனால் பேச்சு பாதியில் அறுந்துவிடுகிறது என்று. அது என் வேலை இல்லை, இரும்புப் பெட்டிக்குள் போனால் அப்படித்தான் என்று அவரும் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறார். "இருக்கு, லிஃப்டுக்குள்ள," என்றார்.

மகள் மீதியைச் சொல்லிக்கொடுத்தாள். திரை வந்ததும் மேலிருந்து கீழே இழுத்து விமானப் படத்தைத் தொடணும். அது எரிந்துவிட்டால் பிறகு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், நெட் தொடாது. உள்ளே போனால் தன்னைக் கூப்பிட முடியாது என்பதால் இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தாள். அவர் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி ஒப்பித்ததில்லை.

ஒன்பதே முக்காலுக்கு நாலாவது மாடிக்கு இறங்கினார். முக்கோணச் சாவியால் கதவைத் திறந்து, நின்றுபோன லிஃப்டுக்குள் நுழைந்து, இரண்டு கதவையும் கையால் இழுத்துச் சாத்தினார். புதுப் போனை வைத்துச் சோதித்தார். ஒரு கோடு சிக்னல் இருந்தது. கதவு இடுக்கு வழியாக வருகிறது. இடுப்பில் செருகியிருந்த துடைக்கிற துணியை எடுத்து இடுக்கில் அடைத்துப் பார்த்தார். துணிக்கெல்லாம் சிக்னல் மசியுமா? பிறகு மூலையில், தரையோடு தரையாகக் குந்தினார். கோடு போனது. அங்கேயே, இரும்பு முழுக்கச் சூழ, வயிற்றை மடக்கிக்கொண்டு பழைய போனை ஆன் பண்ணினார்.

எழுந்துவர ஒரு யுகம் ஆனது. திரை வந்ததும் இழுத்தார், விமானத்தைத் தொட்டார். எரிந்தது. அதன் பிறகுதான் மூச்சே விட்டார்.

ஆப் கைரேகை கேட்டது. அவர் கைக்கு ரேகை ஏது? கம்பி தின்று பல வருஷம் ஆகிறது. பெரிய பாஸ்வேர்டைத் தட்ட ஆரம்பித்தார். அவர் முதன்முதலில் தனியாகப் பழுது பார்த்த லிஃப்டின் தகட்டு எண், கூடவே அன்றைக்கு அதைத் திட்டிய வார்த்தை. எண்ணில் ஏழு வரும். ஏழு இருந்த இடத்தில் கண்ணாடி விரிசல். எத்தனை அழுத்தினாலும் ஏழு விழவில்லை. நாலு வீட்டுக்குக் கேட்கிறபடி அந்தத் திட்டு வார்த்தையை வாயாலேயே சொன்னார். அப்புறம் போனைப் படுக்கவைத்துப் பிடித்தார். எழுத்துகளும் படுத்துக்கொண்டன, ஏழு விரிசலை விட்டு நகர்ந்தது.

பட்டியல் வந்தது. நாய் கடிச்ச பில்டிங். குழியில தண்ணி நிக்கிற வீடு. இந்தத் தடவை ஒன்றும் மறையவில்லை. விரலால் தள்ளித் தள்ளிப் போனார். கத்துற டீச்சர். பெயரையும் ஆறு எண்ணையும் சட்டைப் பையில் இருந்த ஒரு புது நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, மூன்று முறை சரிபார்த்தார். அவர் ஞாபகத்தில் இருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மெஷின் ரூமுக்கு ஏறி, நோட்டைப் பார்த்து அந்த எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டினார். சிவப்பு அணைந்து பச்சை வந்தது. லிஃப்ட் ஒரு முனகல் முனகிவிட்டு நகர்ந்தது. வலதுபக்க உருளை தேய்ந்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் அவர் காது சொன்னது. மேலும் கீழுமாக நாலு முறை வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டு, பதினொன்றே காலுக்கு ஆறாவது மாடிக் கதவைத் தட்டினார்.

டீச்சரின் முகம் வீங்கி, உதடு வெளுத்திருந்தது. தம்பி நாற்காலியைத் தள்ளி உள்ளே கொண்டுவந்தார். குக்கர் பொத்தானை அழுத்திவிட்டு மூலையில் நின்றார். நோட்டு அவர் கையில் திறந்தபடி இருந்தது. டீச்சர் இத்தனை வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவர். எழுத்தைக் கண்டால் கண் தானாகப் போகிறது.

"யாருப்பா அது, கத்துற டீச்சர்?" என்றார்.

தம்பி கூரையைப் பார்த்தார். குக்கருக்கு லிஃப்ட் இன்னும் கொஞ்சம் வேகமாக இறங்கக்கூடாதா என்று இருந்தது.

"வேற ஒருத்தங்க டீச்சர்," என்றார்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும். உனக்கு அது இல்ல," என்றார் டீச்சர். மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்குக் கத்தத் தெம்பில்ல. அடுத்த வாரம் வந்து கத்துறேன்," என்றார். கீழே வண்டி காத்திருந்தது. ஏற்றிவிட்டு, வண்டி தெருமுனை திரும்புகிறவரை குக்கர் நின்றார். பன்னிரண்டுக்கு இன்னும் அரைமணி இருந்தது. போதும்.

இவ்வளவு நேரம் மூடிவைத்திருந்த கோபம் அப்போதுதான் பொங்கியது. நேரே ஆபீசுக்கு வண்டியை விட்டார்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஆரம்பித்தார். குக்கர் அதைக் காதில் வாங்கவில்லை. மேஜையில் இருந்த பேனாவை எடுத்துக் கோணலாக வைத்தார்.

"அந்தம்மா செத்திருந்தா, சர்டிஃபிகேட்ல என்ன ஒழுங்கான பேர் போட்டிருப்பீங்க?" என்றார்.

குக்கர் பழைய போனை மேஜைமேல் வைத்தார். விமானம் எரிகிறது, அதைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். பிறகு நின்றபடியே படிக்க, மாப்பிள்ளை உட்கார்ந்து தட்டினார். பெயர் அப்படியே, எண் அப்படியே. தொட்டா ஷாக் அடிக்கிற மீட்டர் ரூம் வந்தபோது மாப்பிள்ளையின் கை நின்றது. இதையாவது மாற்றலாமா என்று கேட்க நினைத்தாரோ என்னவோ, நிமிர்ந்து குக்கரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டினார். மூன்று மணி நேரம் ஆனது. நடுவில் தண்ணி குடிக்கக்கூட இருவரும் எழுந்திருக்கவில்லை.

மொத்தம் நூற்று நாற்பத்து மூன்றில் நூற்று முப்பத்தாறுதான் வந்தது. பழைய போன் செத்துப்போன பிறகு இந்த மூன்று மாசத்தில் ஏற்றிய ஏழு அதில் இல்லை. அந்த ஏழு லிஃப்டும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நின்ற பிறகு போனால் டீச்சர் கதைதான். ஓடும்போதே மேலே ஏறி, பெட்டியைத் திறந்து, பெட்டி பூட்டிக்கொள்ளாதவரை உள்ளே இருக்கிற சாவியால் புது எண் வைத்துவிடலாம். இரண்டு ஆள் வேலை.

"டூல் பெட்டியை எடுங்க," என்றார் குக்கர்.

"நானா?" என்றார் மாப்பிள்ளை.

குக்கர் முதல் விசிலுக்கான பல்லைக் கடித்தார். மாப்பிள்ளை பெட்டியை எடுத்தார். பதினெட்டுக் கிலோ. வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஒட்டியது. அவர் அதைத் துடைக்கப் பார்த்தது இன்னும் பரவலாக்கியது.

முதல் கட்டடத்தின் மெஷின் ரூமுக்கு இரும்பு ஏணி. மேலே ஏறி உள்ளே நுழைகிற இடத்தில், நெற்றி உயரத்துக்கு ஒரு விட்டம் குறுக்கே ஓடும். குக்கருக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறார். குனிந்து உள்ளே போனவர், திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இடித்த சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மாப்பிள்ளை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். குக்கர் பார்க்காத மாதிரி கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து சாவியைத் திருப்பினார். புது எண்ணைச் சொன்னார். மாப்பிள்ளை அவர் போனை வாங்கி, வீங்குகிற நெற்றியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் தட்டினார். தட்டி முடித்துத் திரையை நீட்டினார், சரியா என்று பார்க்க.

எண் சரியாக இருந்தது. அதற்கு மேலே பெயர் இருந்த இடத்தில், தலை இடிக்கிற பில்டிங் என்று எழுதியிருந்தார்.

குக்கர் படித்தார். இன்னொரு முறை படித்தார். கோபம் போகவில்லை, அப்படியேதான் இருந்தது.

"எழுத்து சரிதான்," என்றார். "பெட்டியை எடுங்க. இன்னும் ஆறு இருக்கு."